அடி பின்மண்டையில், பாதிப்பு முன்பக்கம்: தலைக்குள் படும் ஊமைக்காயம்

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 2

என் தம்பிக்கு 19 வயது. பத்து நாளைக்கு முன் பந்து விளையாடும்போது மல்லாக்க விழுந்து பின்மண்டை தரையில் மோதியது. நினைவு தப்பவில்லை, ரத்தம் வரவில்லை. அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நார்மல், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் இன்னும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் படிக்க முடியவில்லை என்கிறான். வெளிச்சம் கூசுகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். படிக்காமல் இருக்கச் சாக்கு சொல்கிறான் என்று வீட்டில் பேச்சு. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் மூளையில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஜூன் 2, இரவு 9.50

அப்படி அர்த்தம் இல்லை. முதலில் தம்பி சொல்வதை நம்புங்கள்.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவைக் காட்டும், ரத்தக் கசிவைக் காட்டும், பெரிய வீக்கத்தைக் காட்டும். உடனே ஆபரேஷன் தேவையா என்று தெரிந்துகொள்ள அதைவிட வேகமான வழி இல்லை. அன்றே எடுத்தது நல்லது. ஆனால் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. கைபேசி கீழே விழுந்ததும் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்போமே, அந்த மாதிரிச் சோதனை அது. கண்ணாடி முழுசாக இருக்கும். உள்ளே ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

வாந்தி திரும்பத் திரும்ப வருகிறதா, தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறதா, எழுப்பினால் எழாமல் தூங்குகிறானா, பேச்சு குழறுகிறதா, கை கால் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை விட்டுவிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எதுவும் இல்லை என்றாலும் பத்து நாள் தாண்டிவிட்டதால் இந்த வாரத்துக்குள் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் மருத்துவன் இல்லை. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எனக்கும் இதே மாதிரி நடந்ததால்தான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஜூன் 2, இரவு 11.15

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

ஆறு வருடம் ஆகிறது. கழுவிவிட்ட தரையில் கால் வழுக்கி, மரம் சாய்கிற மாதிரி அப்படியே பின்னால் சாய்ந்தேன். கையை ஊன்றக்கூட நேரம் இல்லை. பின்மண்டை தரையில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. கண்ணுக்குள் வெள்ளையாகப் பொறி பறந்தது. நினைவு தப்பவில்லை, எழுந்து உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களிடம் நன்றாகத்தான் பேசினேனாம். அந்தப் பேச்சு எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. ஒரே கேள்வியை நாலு முறை கேட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். பின்மண்டையில் கோலிக்குண்டு அளவுக்குப் புடைப்பு. மூன்றாம் நாள் காலை காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். சூடு முகத்தில் பட்டது, ஆவி பட்டது, வாசம் இல்லை. சோப்பை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் கட்டி.

போய்ச் சொன்னால், ஜலதோஷமாக இருக்கும் என்றார்கள். அடி பின்னால்தானே பட்டது, மூக்கு முன்னால் இருக்கிறதே என்றார் ஒருவர். எனக்கும் அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

ஜூன் 3, காலை 6.30

அந்தப் பின்னால், முன்னால் விஷயத்தை இன்று எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பிக்கும் அடி அதே இடத்தில்தான்.

மூளை சுமார் 1.4 கிலோ. மண்டையோட்டுக்குள் அது திரவத்தில் மிதக்கிறது. அந்தத் திரவம் மொத்தமே 150 மில்லிலிட்டர் அளவுதான், ஆனாலும் மிதப்பதால் மூளையின் எடை 50 கிராம் போலத்தான் கீழே அழுத்துகிறது. சாதாரண நடை, ஓட்டம், குதி எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு போதும். தலை திடீரென்று நிற்கும்போதுதான் போதாமல் போகிறது.

ஓடுகிற பேருந்தில் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர் எல்லோரும் முன்னால் சரிகிறார்கள். பின்மண்டை தரையில் பட்டதும் மண்டையோடு நின்றுவிடும்; மூளை தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் அது திரும்பி முன்பக்கம் போய் நெற்றி எலும்பில் மோதும். முன்மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளம் கரடுமுரடானது, மேடும் விளிம்புமாக இருக்கும். பின்மண்டையின் உள்பக்கம் ஒப்பிட்டால் வழவழப்பானது. அதனால் பின்னால் அடிபட்டவருக்குக்கூட நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும்தான் மூளை அதிகமாகக் கன்றிப்போகிறது.

மூக்கு நரம்பின் கதையும் அதே இடத்தில்தான். வாசனை நரம்பு ஒரே கயிறாக இல்லை. ஒவ்வொரு பக்கமும் இருபது போல மெல்லிய இழைக்கட்டுகள், சல்லடை மாதிரித் துளைகள் உள்ள ஒரு எலும்பு வழியாக மூக்கிலிருந்து மேலே மூளைக்கு ஏறுகின்றன. மூளை முன்னும் பின்னும் நழுவும்போது அந்த இழைகள் துளை விளிம்பில் பட்டு அறுகின்றன. மூளையில் ஒரு சொட்டு ரத்தம் கசியாமலே இது நடக்கலாம். ஸ்கேன் நார்மல்தான்.

ஜூன் 3, மாலை

ஒருவர் கேட்டார்: என்ன வேகத்தில் மோதியிருப்பீர்கள்? கணக்கு எளிது. என் தலை உயரம் 1.6 மீட்டர். அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது நொடிக்கு 5.6 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்.

வேகத்தைவிட முக்கியம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. கெட்டித் தரையில் தோலும் எலும்பும் அமுங்குவது 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தலை அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 320 மடங்கு. அதே வேகம், நடுவில் 3 சென்டிமீட்டர் அமுங்கும் நுரை இருந்தால் 53 மடங்கு. வித்தியாசம் அந்த இரண்டரை சென்டிமீட்டரில் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் என் கை தானாகப் பின்மண்டைக்குப் போகிறது.

ஜூன் 4

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். தலை தனியாக விழவில்லை, என்னோடு சேர்ந்து விழுந்தது. முழங்கால் மடங்காமல் மரம் போல் சாய்கிற ஆள், பாதத்தில் கீல் மாட்டிய கம்பி மாதிரி. அந்தக் கம்பியின் நுனி, தனியாக விழும் கல்லைவிட வேகமாகத் தரைக்கு வரும். அப்படிப் போட்டால் நொடிக்கு 6.9 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர். மடங்கிச் சுருண்டு விழுந்தால் இதைவிட நிறையக் குறையும். மயங்கி விறைத்துச் சாய்கிறவர்களுக்கும், ஓங்கிக் குத்து வாங்கி நின்றபடியே பின்னால் விழுகிறவர்களுக்கும் தலைக்காயம் ஏன் அவ்வளவு மோசமாகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. குத்தைவிடத் தரைதான் அதிகம் கொல்கிறது.

ஜூன் 4, இரவு

இன்னொரு திருத்தம், இது பெரியது. நேற்றுக் காலை எழுதியதைத் திரும்பப் படித்தேன். டப்பாவுக்குள் பாக்கு உருளுகிற மாதிரி மூளை இங்கும் அங்கும் மோதும் என்கிற படம் அதில் வருகிறது. பலரும் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் உள்ளே அவ்வளவு காலி இடமே கிடையாது. மூளைக்கும் எலும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான், அதுவும் இழைகளும் ரத்தக்குழாய்களும் திரவமும் நிறைந்தது. மோதுவது உண்மை, கன்றுவது உண்மை. அதைவிடப் பரவலாகச் சேதம் செய்வது, மூளை தன் வடிவத்துக்குள்ளேயே முறுக்கிக்கொள்வது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் முக்கியம். 1941ல் டென்னி-பிரவுன், ரஸல் என்ற இருவர் விலங்குகளில் சோதித்தார்கள். தலை அசைய இடமிருந்தால் நினைவு தப்பியது. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அதே அடியைக் கொடுத்தால் தப்பவில்லை. ஆக, அடி என்ன செய்கிறது என்பதை, தலையை அது எப்படி அசைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. 1943ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் ஜெலட்டினில் மூளை வடிவம் செய்து பார்த்து, ஒரு படி மேலே போனார். மூளையை அமுக்கிச் சிறிதாக்குவது கடினம், அதில் அது தண்ணீர் மாதிரி. ஆனால் வடிவத்தை மாற்றுவது மிகச் சுலபம். எனவே தலை நேராக நகர்வதைவிடச் சட்டென்று சுழல்வதுதான் மூளையை அதிகமாகக் கிழிக்கும் என்றார்.

குத்துச்சண்டையில் தாடையில் பக்கவாட்டுக் குத்து விழுந்தால் ஆள் ஏன் சுருண்டு விழுகிறான் என்று இப்போது புரியும். நெற்றியில் நேராக வாங்குவதைவிட அது தலையைத் திருகுகிறது. தாடை, கழுத்து அச்சிலிருந்து தள்ளி இருக்கும் நெம்புகோல்.

ஜூன் 5

ஹோல்போர்ன் செய்ததில் ஒரு சிறு துண்டை வகுப்பில் செய்து பார்த்தோம்.

வட்டமான கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஜெலட்டின். இறுகியதும் நடுவிலிருந்து விளிம்புவரை ஊசியால் மையில் ஒரு நேர்கோடு. கிண்ணத்தை மெதுவாகத் திருப்பினால் கோடு நேராகவே கூடச் சுற்றுகிறது. சட்டென்று ஒரு திருகு திருகி நிறுத்தினால் கோடு அரிவாள் மாதிரி வளைந்து, நடுங்கி, திரும்ப நேராகிறது. பார்க்க ஒன்றுமே ஆகாத மாதிரி இருக்கிறது. பதினைந்தாவது திருகிலோ என்னவோ, விளிம்பை ஒட்டி முடி மாதிரி ஒரு விரிசல் வந்தது. முன் பெஞ்சில் இருந்த பெண் 'சார், இது எப்பவோ வந்திருக்கும், இப்பதான் தெரியுது' என்றாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. உள்ளே ஏற்கெனவே மூன்று இடத்தில் மங்கலாகக் கோடு ஓடியிருந்தது.

ஜூன் 5, பிற்பகல்

நிஜ மூளையில் அந்த மைக்கோட்டின் இடத்தில் இருப்பது நரம்பிழைகள், ஆக்ஸான்கள். அவற்றின் குணம் விசித்திரமானது. மெதுவாக இழுத்தால் நன்றாக நீள்கின்றன. நொடியில் சின்னப் பங்கு நேரத்துக்குள் இழுத்தால் விறைத்து, உள்ளே சரக்கு ஓடும் நுண்குழல்கள் உடைகின்றன. இழை அந்தக் கணத்திலேயே அறுந்துவிடுவது அபூர்வம். உள்ளே சரக்குப் போக்குவரத்து நின்று, அந்த இடம் வீங்கி, சில மணி நேரத்திலோ நாட்களிலோதான் துண்டாகிறது. அடிபட்ட அன்று நன்றாகப் பேசினான், மறுநாள் மந்தமானான் என்று வீடுகளில் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

1956ல் சபினா ஸ்ட்ரிச் என்ற மருத்துவர், தலைக்காயத்துக்குப் பிறகு தெளிவு திரும்பாமல் மாதக்கணக்கில் கிடந்து இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, வெள்ளைப் பகுதி முழுக்க இழைகள் அழிந்திருப்பதை எழுதினார். வெளியே பார்த்தால் அந்த மூளைகளில் சிதைவு அவ்வளவாகத் தெரியாது. ஊமைக்காயம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 6

தம்பி பத்து நிமிடம் படித்ததும் ஏன் களைத்துப்போகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பிழை அறுந்துபோகக்கூட வேண்டாம், அதிர்ச்சியே போதும்.

அதிர்ச்சியில் நரம்பு செல்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்க, செல்லில் இருக்கும் பம்புகள் முழு மூச்சில் ஓடுகின்றன. அதற்கு நிறைய குளுக்கோஸ் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரி. நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இந்தப் பற்றாக்குறை இருக்கும். படிப்பது, சத்தத்தில் உட்கார்ந்திருப்பது, கோபத்தை அடக்குவது எல்லாமே மூளைக்குச் செலவுதான். சாக்கு சொல்கிறான் என்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறுகிறார்கள், வளரும் பிள்ளைகளுக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். முன்பெல்லாம் இருட்டறையில் படுக்கவைத்துவிடுவார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவான நடை, கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பு. தொந்தரவு ரொம்பக் கூடினால் ஒரு படி இறங்கிக்கொள்வது. விளையாட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில், மருத்துவர் சரி என்ற பிறகு.

முழுக்க ஆறாத நிலையில் இன்னொரு அடி படவே கூடாது. அபூர்வமாக, இளம் வயதினருக்கு, இரண்டாவது அடி சின்னதாக இருந்தும் மூளை மளமளவென்று வீங்கி உயிரே போயிருக்கிறது.

ஜூன் 6, இரவு

'பொறி கலங்கிப்போச்சு' என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டிருந்தேன். பொறி என்றால் ஐம்பொறிதானே. கண்ணும் காதும் மூக்கும் கலங்கிப்போவது. கன்கஷனுக்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம். கண் கூசுகிறது, காது இரைகிறது, மூக்கு செத்துப்போனது என்று வந்து நிற்கிறவனுக்கு அந்தப் பழைய சொல் அப்படியே பொருந்துகிறது. பின்மண்டையில் அடிபட்டால் கண்ணில் பொறி பறப்பதற்கும் காரணம் உண்டு. பார்வைக்கான மூளைப் பகுதி கண்ணுக்குப் பின்னால் இல்லை, பிடரிக்கு மேலே பின்மண்டையில் இருக்கிறது. அது குலுங்கும்போது இல்லாத வெளிச்சத்தைக் காட்டுகிறது.

ஜூன் 8

மரங்கொத்தி எப்படி நாளெல்லாம் தலையால் இடிக்கிறது என்று ஒருவர் கேட்டார். அதன் மண்டையில் பஞ்சு மாதிரி எலும்பு, அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது.

ஜூன் 8, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியது தவறு, அதை அழிக்காமல் விடுகிறேன். வெகுகாலமாக நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். 2022ல் மரங்கொத்திகளை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து அளந்திருக்கிறார்கள். அலகு நிற்கிற அதே வேகத்தில் மண்டையும் நிற்கிறது. நடுவில் எதுவும் உறிஞ்சவில்லை. உறிஞ்சினால் கொத்து பலவீனமாகிவிடும், பறவைக்கு அது நஷ்டம். அது பிழைப்பது மூளை மிகச் சின்னதாக இருப்பதால். சின்ன மூளை அதே முடுக்கத்தில் மிகக் குறைவாகத்தான் சிதைகிறது. அதற்கு ஆகாதது நமக்கு ஆகும். நம் மூளை பெரிது, மென்மையானது, கழுத்து மேல் நீளமான கம்பியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 9

இதுவரை ரத்தக் கசிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். உயிர் போவது பெரும்பாலும் அதில்தான்.

பொட்டில் அறைந்தாற்போல் என்கிறோமே, அந்தப் பொட்டு. காதுக்கு முன்னால் கண்ணுக்குப் பக்கத்தில் மண்டையோடு மிக மெல்லிசாக இருக்கும் இடம். அதன் உள்பக்கம் ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விண்டால் தமனியும் கிழியும், எலும்புக்கும் மூளையின் தடித்த உறைக்கும் நடுவே ரத்தம் அழுத்தத்தோடு சேரும். மண்டையோடு மூடிய பெட்டி, விரிந்துகொடுக்காது. முதலில் திரவம் கொஞ்சம் வெளியேறி இடம் கொடுக்கும். இடம் தீர்ந்ததும் மூளையே கீழ்நோக்கித் தள்ளப்படும். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது அப்போதுதான்.

கொடுமை என்னவென்றால், நடுவில் ஒரு தெளிவான இடைவெளி இருக்கும். ஆள் எழுந்து நடப்பார், பேசுவார். 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில், அதாவது பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், நின்ற இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா பந்து தலையில் பட்டும் நடந்தே வெளியே போனார். மூன்றே நாளில் இறந்தார், வயது 38. நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும்போது விழுந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று முதலில் மருத்துவ உதவியைக்கூட வேண்டாம் என்றார். ஒரு மணி நேரம் போலக் கழித்துத் தலைவலி. இரண்டு நாளில் இறந்தார். நான் சொன்ன இந்த வகைக் கசிவுதான் அவருக்கு.

'நல்லாத்தானே பேசுறார்' என்பதை வைத்து யாரையும் தனியாகத் தூங்க அனுப்பிவிடாதீர்கள். முதல் 24 மணி நேரம் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

ஜூன் 9, பின்குறிப்பு

தூங்கவே விடக்கூடாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு தூங்கலாம், தூக்கம் நல்லது. தூக்கத்தால் கெடுவது எதுவும் இல்லை. தூங்குகிறாரா மயங்கிக் கிடக்கிறாரா என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து. எழுப்பினால் விழித்துச் சரியாகப் பதில் சொல்கிறாரா பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி வடிந்தால், காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்தால், மண்டையின் அடித்தளம் விண்டிருக்கலாம். உடனே கிளம்ப வேண்டும்.

'வெளியே புடைத்துவிட்டது, இனி உள்ளே பயமில்லை' என்பதும் சரியில்லை. புடைப்பு தோலில் சேர்ந்த ரத்தம். உள்ளே என்ன என்று அது சொல்லாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நெற்றி தவிர்த்த வேறு இடத்தில் மெத்தென்று புடைத்தால், அடியில் எலும்பு விண்டிருக்கும் வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் தனிக் கவனம் எடுக்கிறார்கள்.

ஜூன் 11

என் பெரியப்பாவைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

அவருக்கு 78 வயது. கார் கதவு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டார். தோல்கூடக் கிழியவில்லை. தேய்த்துவிட்டுக்கொண்டு மறந்துபோனார். ஐந்து வாரம் கழித்து இடது செருப்பு அடிக்கடி கழன்றது. அப்புறம் சட்டைப் பொத்தானை மேல்துளையில் போட வேண்டியதை அடுத்த துளையில் போட ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. வயசாகிவிட்டது என்றோம் எல்லோரும். நானும்தான் சொன்னேன். இவ்வளவு படித்தவன், என் வீட்டில் நடக்கும்போது அந்தச் செருப்பைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையிலிருந்து உறைக்குப் பாலம் மாதிரிப் போகும் சிரைகள் அதனால் ஏற்கெனவே நீண்டு விறைத்திருக்கும். லேசான இடியிலும் ஒன்று கிழியும். தமனி மாதிரிப் பீச்சாது, சிரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். சுருங்கிய இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். பெரியப்பா அந்த மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கேனில் பிறை மாதிரி ரத்தக் கட்டி, மூளையை ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளியிருந்தது. மண்டையில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். பழைய எஞ்சின் ஆயில் நிறம் என்றார் மருத்துவர். மறுநாள் காலை நான் போனபோது பெரியப்பா உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், மேலிருந்து கீழே, ஒன்று தவறாமல். 'என்னடா, அழுதியா?' என்றார்.

வயதானவர்கள் தலையை இடித்துக்கொண்டால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, இரண்டு மாதம் கவனியுங்கள்.

ஜூன் 12

ஹெல்மெட் இதையெல்லாம் தடுக்குமா?

மண்டை உடைவதை நன்றாகத் தடுக்கும். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை, பெட்டிகளில் அடைத்து வரும் அதே தெர்மாகோல் வகை. அது நசுங்கி, நான் மேலே கணக்குப் போட்ட அந்த இரண்டரை சென்டிமீட்டரைக் கொடுக்கிறது. ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழாது, அதனால்தான் பெரிய அடி பட்ட ஹெல்மெட்டை மாற்றச் சொல்கிறார்கள். மோட்டார்சைக்கிள் விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2008ல் வந்த மதிப்பீட்டின்படி, ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. வாரைப் பூட்டாவிட்டால் தலைக்கு முன்னால் ஹெல்மெட் பறந்துபோகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதன் தொடக்கம் ஒரு சாவு. 1935 மே மாதம், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார்சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கேர்ன்ஸ் ஒருவர். பிறகு போர்க்காலத்தில் செய்தி கொண்டுபோகும் ராணுவ மோட்டார்சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களைக் கணக்கெடுத்து, ஹெல்மெட் காப்பாற்றுகிறது என்று 1941ல் எழுதினார்.

ஆனால் சுழற்சியை ஹெல்மெட் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், எனக்குக் கன்கஷன் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். போட்டதால்தான் கேட்க இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்த பதில்.

ஜூன் 13

ஒரே பெரிய அடியைப் பற்றியே பேசிவிட்டோம். வகுப்பில் பதினைந்து திருகு திருகிய கிண்ணம் நினைவிருக்கிறதா? 1928லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் குடிக்காமலே தள்ளாடுவதையும் குழறுவதையும் எழுதினார். 2002ல் பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைச் சோதித்து, டாவ் என்ற புரதம் தாறுமாறாகச் சேர்ந்திருப்பதைக் கண்டார். மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி அது சேரும். திருகும்போது இழுவிசை குவியும் இடமும் அதே பள்ளங்கள்தான். நினைவு தப்பாத, ஆட்டத்தை நிறுத்தாத சின்னச் சின்ன அடிகளும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. இந்தப் பாதிப்பு ஒருவருக்கு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல, இறந்த பிறகு மூளையைப் பார்த்தால்தான் முடியும் என்பது பெரிய வேதனை.

ஜூன் 19

தம்பி நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த செய்தியைப் படித்தேன். இருபது நிமிடம் படிக்கிறான், பிறகு நடக்கப் போகிறான் என்பது நல்ல செய்தி. அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார் என்பதும். வாசனை தெரிகிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்காவிட்டால் பையன்கள் சொல்லமாட்டார்கள். அடுப்பில் எரிவாயு கசிந்தது எனக்கு ஒரு நாள் தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து அணைத்தார்.

ஜூன் 20

என் மூக்கு இப்போது எப்படி என்று கேட்டவருக்கு.

எட்டு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் திரும்பியது, ஆனால் கோணலாக. காப்பி கருகிய ரப்பராக வந்தது. வாசனை நரம்பு செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை, ஆனால் சல்லடைத் துளைகளில் தழும்பு கட்டியிருந்தால் புது இழை வழி தேடித் தடுமாறுகிறது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, நான்கு புட்டிகள். காலையும் இரவும் ஒவ்வொன்றாக மோந்து, அந்த வாசனையை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். விட்டு விட்டுச் செய்துவந்தேன். இந்தக் கேள்வி-பதில் தொடங்கிய நாளிலிருந்து விடாமல் செய்கிறேன்.

நேற்று இரவு மனைவி புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு, என் கண்ணைக் கட்டி ஒவ்வொன்றாக நீட்டினாள். கிராம்பு உடனே தெரிந்தது. எலுமிச்சை, கொஞ்சம் யோசித்து. ரோஜாவை ரோஜா என்று சொன்னேன், பாதி ஊகம். நான்காவதை நீட்டியபோது புட்டி திறக்கவில்லை, திற என்றேன். திறந்துதான் இருக்கிறது என்றாள்.